படுக்கையை வரையும் முன் சக்கரத்தை வரையுங்கள்: வீட்டில் கட்டிய கேம்பிங் டிரெய்லர் அனுபவம்

சின்னதாக ஒரு கேம்பிங் டிரெய்லரை வீட்டு கராஜிலேயே கட்டப் போகிறேன் என்று சொன்னால், படுக்கை எத்தனை பேருக்கு, அடுப்பு எங்கே வரும், ஃபேன் வைப்பீர்களா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். சக்கரம் எங்கே வருகிறது என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானும் காசு கொடுத்து வாங்கிய ஒரு பிளானை நம்பி வேலையை ஆரம்பித்தேன். அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் மிஷிகனில் நல்ல கோடை என்பதே மூன்று மாதம்தான். அந்தக் கோடை ஒன்று முழுதாகப் போனது, கையிலிருந்து ஆயிரம் டாலருக்கு மேல் கரைந்தது. நம் ஆட்கள் இங்கே நிறையப் பேர் கேம்பிங் போகிறார்கள், சிலர் சொந்தமாகக் கட்டவும் யோசிக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவர்களுக்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பேர், அதில் இருவர் சின்னப் பிள்ளைகள். கூடாரத்தில் போய் மழையில் நனைந்து அலுத்துவிட்டது. கடையில் விற்கும் டிரெய்லர்களின் விலை நம் கைக்கு அடங்கவில்லை. எங்களிடம் இருக்கும் டொயோட்டா சியன்னா 3,500 பவுண்டு வரை இழுக்கும். ஆகவே 5 அடி அகலம், 8 அடி நீளம் உள்ள பழைய சாமான் டிரெய்லர் ஒன்றை 700 டாலருக்கு வாங்கி, மேலே இருந்த கம்பிகளை வெட்டி எடுத்துவிட்டு, இரும்புச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். இந்த மாதிரி டிரெய்லர்களில் சட்டத்தின் இரு பக்கமும் வெளியே சக்கரங்கள் நிற்கும். சட்டத்தின் அகலம் 60 அங்குலம். சக்கரங்களுக்கு நடுவிலேயே பெட்டியைக் கட்டினால் சுவர் போக உள்ளே 57 அங்குலம் மிஞ்சும். கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் அது தாராளம். சக்கரத்துக்கு மேல் ஒரு மட்காட் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது, இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை. உண்மையில் இரண்டு பேர் மட்டும் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெட்டியைச் சக்கரத்துக்கு உள்ளேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு அது போதாது. பெட்டியைச் சக்கரத்துக்கு மேலாக வெளியே இழுத்தால்தான் நான்கு பேர் குறுக்காகப் படுக்க முடியும். அப்படி இழுத்தால் டயர் பெட்டிக்குள் வந்துவிடும், அதை மூட ஒரு கூடு கட்ட வேண்டும். வீல் வெல் என்பார்கள், நான் சக்கரக் கூடு என்றே எழுதுகிறேன். எவ்வளவு அகலம் போகலாம் என்பதற்கு ஒரு எல்லை உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலான சாலைகளில் 102 அங்குலம் வரை போகலாம். ஆனால் மொத்த அகலம் 80 அங்குலத்தைத் தொட்டாலே மேலே முன்னும் பின்னும் எல்லை விளக்குகள், பின்னால் நடுவில் மூன்று சிவப்பு விளக்குகள் என்று கூடுதலாக மாட்டியாக வேண்டும். அதனால் 79 அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டேன். உள்ளே 76 அங்குலம் கிடைத்தது. இங்கே கிங் சைஸ் மெத்தையின் அகலம் 76 அங்குலம்தான். குறுக்காகப் படுத்தால் தலை ஒரு சுவரிலும் கால் மறு சுவரிலும் தொடாமல் எனக்குச் சரியாக இருந்தது.

அடுத்தது ஆக்சில், அதாவது இரு சக்கரங்களையும் தாங்கும் குறுக்கு அச்சு. பழையது துருப்பிடித்துப் போயிருந்ததால் புதிதாகச் செய்யக் கொடுத்தேன். இங்கேதான் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆக்சில் செய்கிறவர்கள் அளவை ஹப் ஃபேஸ் கணக்கில்தான் கேட்பார்கள். அதாவது சக்கரம் வந்து உட்காரும் முகத்திலிருந்து எதிர்ப்பக்க முகம் வரை. டிரெய்லர் சக்கரங்கள் பெரும்பாலும் ஆஃப்செட் இல்லாதவை. அப்படியானால் டயரின் நடுக்கோடு அந்த முகத்தில்தான் வரும். என் டயர் எஸ்டி 175/80 ஆர்13. அகலம் சுமார் 6.9 அங்குலம், உயரம் 24 அங்குலம். கூட்டின் உட்சுவருக்கும் டயருக்கும் நடுவே 2 அங்குலம் இடைவெளி வேண்டும் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஹப் ஃபேஸ் 72 அங்குலம் வருகிறது. டயரின் வெளி விளிம்பு அப்போது 78.9 அங்குலத்தில் நிற்கும். பெட்டியின் 79 அங்குலத்துக்குள் கச்சிதமாக அடங்கும். ஆர்டர் தாளில் 72 என்றுதான் எழுதிக் கொடுத்தேன். வந்தது 70. தயாராக இருந்த அளவில் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். போன் செய்தால், "ஒரு பக்கத்துக்கு ஒரு அங்குலம்தானே குறைகிறது, டயர் சுற்றத்தானே போகிறது, இடிக்காது" என்றார்கள். திருப்பி எடுக்கவும் மாட்டார்களாம். 310 டாலர். மனைவியிடம் சொல்லாமல் இரண்டு நாள் மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினேன். அப்புறம் பிளானைப் பார்த்தால் அதில் பக்கவாட்டு இடைவெளி ஒரு அங்குலம் என்றுதான் போட்டிருந்தது. சரி, போகட்டும் என்று மாட்டிவிட்டேன்.

சரக்கு கைக்கு வந்ததும் பில்லை மடித்து வைப்பதற்கு முன்னால் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள், கடைக்காரர் எதிரிலேயே. சட்டத்தில் போல்ட் போட்டுவிட்டால் அதற்கப்புறம் ஒருவரும் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

பெட்டி வேலை நன்றாகவே போனது. ஆக்சிலை எங்கே வைப்பது என்பதற்கு எல்லோரும் சொல்லும் கணக்கு, பெட்டி நீளத்தில் முன்னாலிருந்து அறுபது சதவீதம். 96 அங்குல நீளத்துக்கு 58-வது அங்குலத்தில் ஆக்சில். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வண்டியின் கொக்கி மேல் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வால் ஆட்டும். அதற்காகத்தான் இந்தக் கணக்கு. இதை மனதில் வைத்துப் பார்த்தால் சக்கரக் கூடு பெட்டிக்குள் எங்கே வருகிறது என்பது உங்கள் கையிலேயே இல்லை. 24 அங்குல டயருக்கு முன்னும் பின்னும் மூன்று அங்குலம் விட்டால் கூட்டின் நீளம் 30. முன்னாலிருந்து 43-இல் தொடங்கி 73-இல் முடியும். மிச்சம் 23 அங்குலம் பின்னால், அது சமையல் மேடைக்கு. கதவு 43-க்கு முன்னால் அடங்க வேண்டும். கதவை இன்னும் அகலமாக வைக்க ஆசைப்பட்டால் கீழ்ப் பின் மூலையைச் சக்கரத்துக்காக வளைத்து வெட்ட வேண்டியிருக்கும். இந்த வகை டிரெய்லர்களில் கதவின் ஒரு மூலை ஏன் வளைந்திருக்கிறது என்று முன்பெல்லாம் அழகுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆக, கதவு, படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்க் கேன் எல்லாவற்றின் இடத்தையும் சக்கரம்தான் முடிவு செய்கிறது. தண்ணீர் ஒரு காலனுக்கு எட்டு பவுண்டுக்கு மேல். மேடையோடு சேர்த்து அதைப் பின்னால் வைத்தால் கொக்கி எடை சரசரவென்று குறைந்துவிடும். கேனை ஆக்சிலுக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு கூடுகளுக்கும் நடுவில் தரையில் வைத்தேன். இது மட்டும் முதல் தடவையே சரியாக அமைந்தது.

இப்போது உயரத்துக்கு வருகிறேன். என் சட்டத்தின் தரை மட்டம், பிளைவுட் போட்ட பிறகு நிலத்திலிருந்து 20¼ அங்குலம். டயர் 24. ஆக டயர் தரைக்கு மேலே நாலு அங்குலம்கூட எட்டிப் பார்க்காது. பிளானில் டயருக்கு மேல் 2 அங்குல இடைவெளி விடச் சொல்லியிருந்தது. பலகை, ஃபோம் எல்லாம் சேர்த்துக் கூடு உள்ளே 6¾ அங்குல உயரத்துக்கு வந்தது. அதே மட்டத்துக்குப் படுக்கைப் பலகையைப் போட்டுவிட்டால் கூடு இருப்பதே தெரியாது, கீழே சாமான் வைக்கவும் இடம். இதைவிட அழகான தீர்வு இல்லை என்று பெருமையாக இருந்தது. பெட்டியின் வெளிச்சுவரும் கூடும் எபாக்ஸி போட்டு ஒட்டப்பட்டு, சக்கரத்துக்காக வெட்டிய இடத்தில் சுவருக்கு வந்த பலவீனத்தைக் கூடே தாங்கிக்கொண்டது. கூட்டுக்கு முன்னும் பின்னும் சட்டத்திலிருந்து ஆங்கிள் இரும்புக் கைகளை வெளியே நீட்டி வெல்டு வைத்தேன். சுவர் 9½ அங்குலம் வெளியே தொங்குகிறதல்லவா, அந்தக் கைகள் இல்லாவிட்டால் பிளைவுட் மட்டும் அதைச் சுமக்காது.

ஜூலையில் லடிங்டன் ஸ்டேட் பார்க்கில் இடம் பிடித்திருந்தோம். நோவை ஊரிலிருந்து ஐ-96 பிடித்து மஸ்கிகன், அங்கிருந்து யுஎஸ்-31-இல் வடக்கே. அரிசி மூட்டையிலிருந்து சைக்கிள் வரை எல்லாம் ஏற்றியாயிற்று. லான்சிங் தாண்டி போர்ட்லாண்ட் பக்கம் வரும்போது மனைவி, "என்னங்க, ரப்பர் கருகுற வாசம் வருது, நம்ம வண்டியா பாருங்க" என்றாள். முன்னால் போகும் லாரியாக இருக்கும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கினோம். பின்னாலிருந்து தடார் என்று ஒரு சத்தம். அடுத்த எக்சிட்டில் இறங்கிப் பார்த்தால் வலது பக்கக் கூட்டின் கூரைப் பலகை பிளந்து, விளிம்பு டயரைச் சீவிக்கொண்டிருந்தது. உட்சுவரிலும் டயர் தேய்த்த கறுப்பு வட்டம். டயரின் தோளில் கயிறு தெரியவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் வேனுக்குள் அழுகிறார்கள், வெயில் கொளுத்துகிறது. எனக்குக் கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. ஃபிளாட்பெட் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு வீட்டில் விட 385 டாலர். பார்க் முன்பதிவுப் பணமும் போனது.

வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிய ஆரம்பித்தது. என் வீட்டுக்கு எதிரே கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்த ஆக்சில் மேலே போனால் கடைசியாக எதில் முட்டும்?" சட்டத்தில் என்றேன். "அதுவரைக்கும் டயரும் போகும்தானே?" என்றார்.

இதுதான் மொத்த விஷயமும். நான் வாங்கிய பிளான் டார்ஷன் ஆக்சிலுக்காக வரையப்பட்டது. அதில் குழாய்க்குள் ரப்பர் இருக்கும், சக்கரம் மேலும் கீழும் ஆடும் தூரம் குறைவு. என் டிரெய்லரில் இருப்பதோ லாரியில் இருப்பது போன்ற லீஃப் ஸ்பிரிங். பிளானில் அந்த வித்தியாசம் ஒரு வரிகூட இல்லை. வெறும் சட்டமாக நிற்கும்போது ஆக்சில் குழாயின் மேல் விளிம்புக்கும் சட்டத்தின் அடிக்கும் நடுவில் 3½ அங்குலம். பெட்டி கட்டி, சாமான் ஏற்றி, மொத்தம் 1,600 பவுண்டு ஆனபோது ஸ்பிரிங் 1¾ அங்குலம் தாழ்ந்துவிட்டது. 2 அங்குலம் என்று விட்ட இடைவெளியில் மிச்சம் கால் அங்குலம். ரோட்டில் ஒரு குழி வந்தால் ஆக்சில் இன்னும் 1¾ அங்குலம் மேலே போகத் தயாராக இருக்கிறது. மிஷிகன் ரோடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா, குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து உருகி ஒவ்வொரு வசந்தத்திலும் புதுக் குழி பிறக்கும்.

அதனால் லீஃப் ஸ்பிரிங் வைத்துக் கட்டுகிறவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இது. சட்டம் சுமையில்லாமல் நிற்கும்போது ஆக்சிலுக்கும் சட்டத்துக்கும் இருக்கும் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். அதோடு ஒரு அங்குலம் சேருங்கள். டயரின் உச்சிக்கு மேல் அவ்வளவு காலி இடம் கண்டிப்பாக இருக்க வேண்டும். எனக்கு அது 4½ அங்குலம். அதே போல ஸ்பிரிங்கின் முன் முனை போல்ட்டில் நிலையாக இருக்கும், பின் முனைதான் நகரும். சுமை ஏறி ஸ்பிரிங் தட்டையாகும்போது ஆக்சில் கொஞ்சம் பின்னால் போகும், ஆகவே முன்னால் விடுவதைவிடப் பின்னால் அரை அங்குலம் கூடுதலாக விடுங்கள். பக்கவாட்டில் ஒரு அங்குலம் போதாது என்பதை டயர் போட்ட கறுப்பு வட்டமே சொல்லிவிட்டது. வளைவில் திரும்பும்போது ஸ்பிரிங்கும் டயரின் பக்கச்சுவரும் பக்கவாட்டில் சாயும்.

கூட்டை உடைக்காமல் சரி செய்ய முடியுமா என்று நிறைய யோசித்தேன். ஆக்சில் ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கிறது, அதைக் கீழே மாற்றினால் பெட்டி நாலு அங்குலம் உயரும், கூட்டுக்குள் இடம் கிடைக்கும். ஆனால் என் கராஜ் கதவின் உயரம் 84 அங்குலம், டிரெய்லர் 82. நாலு அங்குலம் ஏற்றினால் ஆறு மாதம் பனியில் வெளியேதான் நிற்க வேண்டும். ஆக்சில் மேலே போவதைத் தடுக்க ரப்பர் கட்டை வைக்கலாம், ஆனால் அப்போது ஒவ்வொரு குழியின் அடியும் நேராகச் சட்டத்துக்கும் நம் பாத்திரங்களுக்கும் வரும். 12 அங்குல ரிம்மில் 4.80 டயர் போட்டால் உயரம் 20 அங்குலத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும், அதுவும் ஒரு வழி. ஆனால் அது மைலுக்கு ஆயிரம் சுற்று சுற்றும், என் டயர் 840 தான். பேரிங் சூடு, குழியில் விழும் ஆழம் இரண்டும் கூடும். தாங்கும் எடையும் குறைவு: சி என்ற சுமை ரகத்தில் அந்த டயர் 990 பவுண்டு, 13 அங்குலத்தது 1,360. ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஸ்பேசர் போட்டு அகலத்தைக் கூட்டலாம் என்றும் சிலர் சொன்னார்கள். பிள்ளைகளோடு போகிற வண்டியில் சக்கர போல்ட்டின் மேல் கூடுதல் பளு ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் உடைத்துத்தான் கட்டினேன். எபாக்ஸியில் ஒட்டியதை உடைப்பது என்பது கட்டுவதைவிடப் பெரிய வேலை. ஒட்டிய இடம் விடாது, பலகைதான் பிய்ந்து வரும். வேறு கடையில் 72 அங்குலத்துக்குச் சரியான ஆக்சில் 335 டாலர், பழையதை 120-க்கு விற்றேன். பலகை, எபாக்ஸி, இரும்புத் தகடு எல்லாம் 290. கூடு இப்போது உள்ளே 9¼ அங்குலம், படுக்கைப் பலகை 9½. மெத்தையையும் புதிதாக வெட்டி வாங்கியதில் 140. தலைக்கு மேலே இருந்த இடத்தில் 2¾ அங்குலம் போனாலும் இன்னும் 46 இருக்கிறது, நிமிர்ந்து உட்காரலாம். அடியில் பெட்டிகள் வைக்க இடம் கூடியதில் மனைவிக்கு மட்டும் சந்தோஷம்.

இந்த முறை கூட்டின் உட்புறத்தில், டயர் பார்க்கும் பக்கம், இரும்புத் தகடு அடித்து அதன் மேல் பிக்கப் வண்டிகளின் பின்புறத்துக்கு அடிக்கும் பெட்லைனரைப் பூசினேன். ஓடும்போது டயரின் மேல்பட்டை பிரிந்தால் அது சாட்டை மாதிரி சுழற்றி அடிக்கும். வெறும் பிளைவுட் அதற்கு நிற்காது, அதற்கு மறுபக்கம் பிள்ளைகள் படுக்கிறார்கள். ஜல்லி தெறிக்கும் சத்தத்தையும் பெட்லைனர் பாதியாக்கியது. தகட்டின் ஓரங்களில் பாலியூரிதேன் சீலன்ட் தாராளமாக வையுங்கள். மழையில் டயர் வாரி அடிக்கும் தண்ணீர் கூரையில் பெய்வதைவிட வேகமாக வரும். படுக்கைப் பக்கம் கூட்டின் மேல் ஃபோம் கட்டாயம். செப்டம்பர் இரவுகளில் வெளியே குளிர், உள்ளே நான்கு பேரின் மூச்சு. ஃபோம் விட்டுப் போன ஒரு மூலையில் மெத்தையின் அடி காலையில் நனைந்திருந்தது.

ஒன்று பாக்கி, டயர் மாற்றுவது. பெட்டியை மூடி வண்ணம் அடிக்கும் முன்பே வீட்டு வாசலில் ஒரு தடவை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். வெளிச்சுவரில் வெட்டும் திறப்பு டயரின் மேல் பாதியை மறைத்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் சக்கரம் வெளியே வராது. சட்டத்தின் அடியில் ஜாக்கை வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங்கோடு சக்கரம் கீழே தொங்கும், அப்போது திறப்பின் விளிம்புக்குக் கீழே அது நழுவி வர வேண்டும். டார்ஷன் ஆக்சில் போட்டவர்கள் ஆக்சில் குழாயில் ஜாக் வைக்கவே கூடாது, குழாய் வளைந்துவிடும். இன்னொன்று, காற்றுப் போன டயரைக் கழற்ற ஆகும் உயரம் வேறு, காற்றடித்த ஸ்டெப்னியை மாட்ட ஆகும் உயரம் வேறு. வேனோடு வந்த ஜாக்கை நம்பிப் போனால் இரண்டாவது உயரத்துக்கு எட்டாது. எனக்கு எட்டவில்லை. அடியில் வைக்க ஒரு கெட்டியான மரக்கட்டையும், சில்லறையைப் பார்க்காமல் ஒரு தனி பாட்டில் ஜாக்கும் வாங்கிச் சமையல் மேடைக்குக் கீழே போட்டு வைத்திருக்கிறேன்.